எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போங்கள்

மாவட்ட அளவில் வாலிபால் போட்டி எங்கே நடந்தாலும், மைதானத்தின் ஓரத்தில் நமக்குத் தெரியாத முகம் ஒன்று நிற்கும். அவர் நடுவரும் இல்லை, எந்தப் பள்ளியோடும் வந்தவரும் இல்லை. ஒரு குறிப்பிட்ட பெண் எம்பி அடிக்கும்போது மட்டும் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பார். ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து உயரம் கேட்பார். "பிளஸ் டூ எப்ப முடிக்குது மேடம்?" என்பார். அடுத்து, "அப்பா நம்பர் இருக்குங்களா?"

கேரளத்திலிருந்து ஆள் வரும், கர்நாடகத்திலிருந்து வரும். கொஞ்ச வருடங்களாக வடக்கே உள்ள தனியார் பல்கலைக்கழகங்களுக்காகவும் தேடுகிறார்கள். பெரும்பாலும் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் நேரில் வருவதில்லை. அங்கே படித்துக்கொண்டிருக்கும் சீனியர் பெண்ணோ, பழைய ஆட்டக்காரர் ஒருவரோ இடையில் நிற்பார். "எல்லாம் ஃப்ரீ, புள்ளைய மட்டும் அனுப்பி வைங்க" என்பார். செந்துறைப் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகும் வீட்டுக்கும், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டு விலை கிடைக்காமல் பட்டறையில் வைத்துக் காத்திருக்கும் வீட்டுக்கும் அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

அரியலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாகப் பணி முடித்தவள் நான். ஓய்வுக்குப் பிறகும் மாலையில் மைதானத்துக்குப் போகிறேன். அரியலூரிலும் பெரம்பலூரிலும் உள்ள பி.டி. ஆசிரியர்கள், தங்கள் மாணவிகளுக்கு இப்படி அழைப்பு வந்தால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்பார்கள். போனவர்களில் சிலர் நன்றாக இருக்கிறார்கள். சிலர் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரியலூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். இரண்டு வகைப் பெண்களுக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கல்லூரி என்ன தருவதாகச் சொன்னது, இரண்டாம் வருடம் அதை யார் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதுதான் அவர்கள் கதையைப் பிரித்தது.

பெண்பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறவர்கள் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. போகட்டும். ஆனால் அழைத்துப் போகிறவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போகட்டும். இதைத்தான் நான் கேட்கிறேன்.

முதலில், ஏன் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேசிய அளவில் பெண்கள் வாலிபால் என்றால் பல ஆண்டுகளாகக் கேரளமும் ரயில்வேயும்தான். கேரளத்தில் கல்லூரி அணி என்பது ஊர் கூடிப் பார்க்கிற விஷயம். பேராவூரில் பிறந்த ஜிம்மி ஜார்ஜ் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, அபுதாபிக்கும் பிறகு இத்தாலிக்கும் போனவர். 1987இல் இத்தாலியிலேயே கார் விபத்தில் இறந்தார். அவர் பெயர் இன்றும் அங்கே சிறு பிள்ளைகளுக்குத் தெரியும். நம்மிடமும் பெருமை உண்டு. 1961இல் அர்ஜுனா விருது தொடங்கியபோது வாலிபாலுக்கு அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. 1982இல் அதே விருதைப் பெற்ற ஜி.இ. ஸ்ரீதரன் தமிழ்நாட்டுக்காரர். ஆனால் பெண்கள் ஆட்டத்தில் அந்தத் தொடர்ச்சி நமக்கு அமையவில்லை. பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேலே கை நீட்டித் தடுக்கிற இரண்டு பிளாக்கர்கள் தினமும் எதிரில் நின்றால்தான் ஓர் அட்டாக்கர் வளருவாள். எங்கள் பள்ளிகளில் அப்படி எதிரில் நிற்க ஆள் இல்லை. நல்ல அட்டாக்கர் ஒருத்தி இருந்தால், பயிற்சியில் அவளைத் தடுக்க ஸ்டூலில் ஏறி நிற்கும் ஆசிரியர்தான் பிளாக்கர்.

பெரம்பலூரில் மாணவியருக்கான அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. அது பெரிய புண்ணியம். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பயிற்சி எல்லாம் கிடைக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்தக் கூரை போய்விடும். கல்லூரி மாணவருக்கான அரசு விடுதிகள் வேறு சில ஊர்களில் இருந்தாலும் இடங்கள் குறைவு. ஆகவே பதினேழு வயதில் ஒரு பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் அல்லது தன்னைக் கூப்பிடுகிற கல்லூரிக்குப் போக வேண்டும். ஊரை விட்டுப் போனால்தான் உயரலாம் என்பதற்கு எங்கள் அரியலூரிலேயே சாட்சி இருக்கிறது. ஹாக்கி வீரர் கார்த்தி செல்வம் கோவில்பட்டி போய்ப் பயிற்சி பெற்று இந்திய அணிக்கு ஆடினார். 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். வாலிபாலில், தமிழ்நாட்டில் பிறந்து கேரளத்துக்கு ஆடிய ஜெரோம் வினித், 2024இல் காலிகட் ஹீரோஸ் அணியின் தலைவராகப் பிரைம் வாலிபால் லீக் பட்டத்தைத் தூக்கினார்.

அந்த லீக் ஆண்களுக்கானது. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஏலம், ஒப்பந்தம், தொலைக்காட்சி எல்லாம் பையன்களுக்கு உண்டு. எங்கள் பெண்களுக்கு வாலிபாலால் கிடைக்கக்கூடியது இரண்டு: செலவில்லாமல் ஒரு பட்டம், அதன்பின் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. ரயில்வே, அஞ்சல் துறை போன்ற மத்திய அரசு வேலைகளும் உண்டு. இந்த இரண்டுக்கும் வழி கல்லூரி அணியில்தான் தொடங்குகிறது. மூன்று வருடம் வீணானால் ஈடு செய்ய வேறு இடம் கிடையாது.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடியவருக்கு முதல் படிவம். தேசியப் போட்டியில் மாநிலத்துக்கு ஆடியவருக்கு இரண்டாவது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவருக்கு மூன்றாவது. பள்ளி அளவில் தேசியப் போட்டிக்குப் போனவருக்கு நான்காவது. எங்கள் பெண்களில் பெரும்பாலோருக்கு எட்டக்கூடியது மூன்றாவது படிவம். அதில் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர். கல்லூரிக்கு ஆடிக் கோப்பைகளைக் குவித்தாலும் அந்தப் படிவம் வராது. பல்கலைக்கழக அணியின் 12 பேரில் ஒருத்தியாக வேண்டும்.

அழைக்க வருகிறவர் இதைச் சொல்வதில்லை, அப்பா அம்மாவுக்குக் கேட்கத் தெரிவதில்லை. கூப்பிடுவது தனியாக ஒரு பல்கலைக்கழகமாக இயங்கும் நிறுவனம் என்றால், அதன் அணிதான் பல்கலைக்கழக அணி. அங்கே 12 பேரில் வருவது அந்தப் பயிற்சியாளர் கையில். கூப்பிடுவது ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்த கல்லூரி என்றால் கதை வேறு. எங்கள் பகுதிக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பதுபோல, அங்கேயும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் ஒரு குடையின் கீழ் இருக்கும். முதலில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி, அதிலிருந்து பல்கலைக்கழக அணித் தேர்வு. கல்லூரிப் பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பல்கலைக்கழக பனியனுக்கு அவர் வாக்குக் கொடுக்க முடியாது. "யுனிவர்சிட்டி டீம் கன்ஃபார்ம்" என்று இணைப்புக் கல்லூரியிலிருந்து யாராவது சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே அவரை எடைபோட்டுவிடலாம்.

கல்லூரிகள் ஏன் இவ்வளவு தூரம் வந்து தேடுகின்றன? இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டிகளில் முதலில் தெற்கு, வடக்கு என்று மண்டல ஆட்டம். அங்கே முன்னிலை பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். எல்லா விளையாட்டிலும் சேரும் புள்ளிகளைக் கூட்டி, சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை தருகிறார்கள். 2024ஆம் ஆண்டுக்கான கோப்பையைச் சண்டிகர் பல்கலைக்கழகம் என்ற தனியார் நிறுவனம் வென்றது. அதற்கடுத்த இடம் லவ்லி புரொஃபெஷனல் பல்கலைக்கழகம், அதுவும் தனியார். இந்தக் கோப்பை இப்போது மாணவர் சேர்க்கை விளம்பரத்தில் வருகிற பொருள். நாக் குழு தரம் பார்க்க வரும்போதும் மாணவர் வாங்கிய விளையாட்டுப் பதக்கங்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதாவது, எங்கள் பெண் அடிக்கும் ஒவ்வொரு ஸ்மாஷிலும் அந்த நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அவளைச் சேர்ப்பது தர்ம காரியம் என்ற தொனியில் யாரும் பேச வேண்டாம். அவள் அங்கே உழைக்கப் போகிறாள். உழைப்புக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பது அவள் உரிமை.

செந்துறை வட்டத்திலிருந்து போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடதுகை ஆட்டக்காரி, நல்ல எம்பல். யுனிவர்சல் இடத்துக்கு அப்படிப்பட்டவர்களை எல்லோரும் தேடுவார்கள். அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஓட்டும் லாரியில் டிரைவர். வெளிமாநிலக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. படிப்பு, விடுதி, மெஸ், வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ, போட்டிக்குப் போகவர செலவு எல்லாம் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று பயிற்சியாளர் போனில் சொன்னார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "வார்டன் பொம்பளதானே சார்?" ஆமாம் என்றார். மூவரும் மங்களூர் எக்ஸ்பிரஸ் ஏறிப் போனார்கள்.

அவள் பி.காம். கேட்டிருந்தாள். போன அன்று பி.காம். நிரம்பிவிட்டது என்று, காலியாக இருந்த வேறொரு பாடத்தில் உட்கார வைத்தார்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் தமிழ் வழியில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், அங்கே இரண்டாம் மொழியாக இந்தி எடுக்க வேண்டியிருந்தது. காலை ஐந்தரைக்குக் கிரவுண்டு, மாலை நாலு மணிக்குக் கிரவுண்டு, நடுவில் புரியாத வகுப்பு. முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் அரியர். ஆனாலும் ஆட்டம் நன்றாக வந்தது. முதல் வருடமே தென்மண்டலப் போட்டிக்குப் பல்கலைக்கழக அணியில் போனாள். அந்தப் படத்தை அப்பா லாரியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்.

இரண்டாம் வருடம் பயிற்சியில் எம்பி அடித்துவிட்டு இறங்கும்போது எதிர்ப்பக்க பிளாக்கரின் பாதம் மேல் இறங்கிவிட்டாள். முழங்காலில் லிகமென்ட் கிழிந்தது. அங்கே ஸ்கேன் எடுத்த செலவைப் பயிற்சியாளர் தன் கையிலிருந்து கொடுத்தார், அதை மறக்கக்கூடாது. "வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்துட்டு வாம்மா, இடம் உனக்குத்தான்" என்று அனுப்பினார். திருச்சியில் அறுவை சிகிச்சை நடந்தது. அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. இந்தக் காயத்துக்குப் பிறகு களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது பிடிக்கும். அவள் ஊன்றுகோலை விட்டதும் படிப்பையாவது தொடரலாம் என்று கிளம்பிப் போனபோது அவள் கட்டிலில் புதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அழைத்து வந்த பயிற்சியாளர் வேறு கல்லூரிக்கு வேலை மாறியிருந்தார். அலுவலகத்தில் கேட்டதற்கு, விளையாட்டுச் சலுகை ஆடுகிறவர்களுக்குத்தான், ஆடாத மாதங்களுக்கு விடுதிக் கட்டணமும் மெஸ் கட்டணமும் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டாதவரை டி.சி.யும் மார்க் ஷீட்டும் தர முடியாது என்றார்கள்.

யாரும் அவளை ஏமாற்றத் திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பயிற்சியாளர் சொன்னதை அவர் உண்மையாகவே நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் அது அவர் வாயில் இருந்த வாக்கு. அவர் போனபோது வாக்கும் கூடவே போய்விட்டது. கல்லூரியின் கோப்பில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எல்லாப் பிழையும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். மாதக்கணக்கில் அலைந்தபின் சான்றிதழ்கள் வந்தன. அவள் மறுபடி முதல் வருடத்தில், ஊருக்குப் பக்கத்தில் அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். தென்மண்டலத்தில் ஆடியதற்கான மூன்றாம் படிவத்தை வாங்க அவள் அப்பா லாரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கே இருமுறை போய் வந்தார்.

இப்படிப் போகும் பெண்கள் இங்கே எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கு 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். எங்கள் ஊர் வீடுகளில் அந்த ஆயிரத்தில்தான் பஸ் பாஸ் போக மீதிச் செலவு நடக்கிறது. மாநில எல்லை தாண்டும்போது இவற்றில் எது கூட வரும், எது நின்றுபோகும் என்று முன்கூட்டி விசாரித்துவிட்டுக் கிளம்பிய குடும்பத்தை நான் பார்த்ததில்லை. விளையாட்டுக்காக வெளியே போகாதே என்பதல்ல இதன் பொருள். கல்லூரி தருவது எவ்வளவு என்று பார்க்கும்போது, இங்கே கையிலிருந்து போவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே படிக்கும் பெண் நன்றாக ஆடினால் அந்த மாநில அணிக்கே கூப்பிடுவார்கள். தேசியப் போட்டியில் எந்த மாநிலத்தின் பனியனைப் போடுகிறோம் என்பது பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேள்வியாக வரும். மாநிலம் மாறி ஆட சொந்த மாநிலச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பதினெட்டு வயதுப் பெண் இதைச் சந்தோஷத்தில் ஒரே நாளில் முடிவு செய்துவிடக்கூடாது. வீட்டாரும் பழைய பயிற்சியாளரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

நன்றாகப் போன கதையையும் சொல்ல வேண்டும். பெரம்பலூர் பக்கத்து லிஃப்டர் ஒருத்தி. இப்போது செட்டர் என்கிறார்கள், எங்கள் தலைமுறைக்கு லிஃப்டர்தான். கர்நாடகத்தில் ஒரு கல்லூரி கூப்பிட்டது. அவள் சித்தப்பா வழக்கறிஞரிடம் குமாஸ்தா. அவர், "சார், நீங்க சொன்னதெல்லாம் காலேஜ் லெட்டர்பேடில் எழுதி, முதல்வர் கையெழுத்தோட அனுப்புங்க, அடுத்த ரயில்ல வர்றோம்" என்றார். நாலு நாளில் கடிதம் வந்தது. மூன்று வருடக் கட்டணம், விடுதி, மெஸ், காயம்பட்டாலும் படிப்பு முடியும்வரை சலுகை நீடிக்கும் என்ற வரி, எல்லாம் அதில் இருந்தது. அவளுக்கும் ஒருமுறை கணுக்கால் பிசகி ஒரு சீசன் போயிற்று. பயிற்சியாளரும் நடுவில் மாறினார். கடிதத்தின் நகலைக் காட்டினாள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று அரசு வேலையில் இருக்கிறாள்.

எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதிக் கல்லூரிகளும் வெளிமாநிலப் பெண்களைக் கூட்டி வருகின்றன. கேரளப் பெண்கள் வருகிறார்கள், அதற்கும் தொலைவிலிருந்தும் வருகிறார்கள். நம் பிள்ளைகளின் இடத்தை அவர்கள் பறிக்கிறார்கள் என்று சில ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள். பொங்கலுக்கு எங்கள் ஊர்களில் நடக்கும் மின்னொளிப் போட்டிகளில் கெஸ்ட் பிளேயர் இறக்குவதை யாரும் குற்றம் சொன்னதில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்துச் சின்னக் கிராம அணிகூட ஐ.சி.எஃப். அல்லது காவல்துறை அணியில் ஆடுகிற ஒருவரைக் கூட்டி வந்து நடுவில் நிறுத்தும். அவர் அடிப்பதைப் பார்த்துத்தான் எங்கள் பையன்கள் கற்றார்கள். கல்லூரியிலும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஆறு பேரும் வெளியிலிருந்து வந்தவர்களாக இருந்து, உள்ளூர்ப் பெண்கள் மூன்று வருடமும் பெஞ்சில் உட்கார்ந்து பட்டம் வாங்கிப் போனால் மட்டும்தான் எனக்கு வருத்தம். அதற்குத் தீர்வு பயிற்சியாளரின் மனசாட்சியில் இருக்கிறது, மாநில எல்லையில் இல்லை.

திருச்சியில் ஒரு போட்டியின்போது மலையாளப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊர் கண்ணூர் மாவட்டம். "மெஸ்ல மீன் இல்ல மிஸ், அதுகூடப் பரவால்ல. என்னோட செர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ்ல இருக்கு, அம்மாவுக்குத் தெரியாது" என்றாள். செந்துறைப் பெண் சொன்னதையே அவள் வேறு மொழி வாடையில் சொன்னாள். வெளியே போகிற நம் பெண்களுக்கு என்ன கேட்கிறோமோ, இங்கே வருகிற அடுத்த வீட்டுப் பெண்களுக்கும் அதை நம் கல்லூரிகள் செய்ய வேண்டும். அதன்பிறகுதான் பாலக்காட்டுக்கு அப்பால் இருக்கிறவர்களைக் கேட்க நமக்கு முகம் இருக்கும்.

எழுதிக் கொடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் கல்லூரி வாலிபால் பெண்களுக்குப் பெரிய வாய்ப்பாக வளர்ந்ததற்கு, கல்வியில் பால் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த சட்டம் அடிப்படை. அங்கேயும் ஒரு மாநிலப் பெண்ணை இன்னொரு மாநிலக் கல்லூரி தேடிப் போகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநில மாணவருக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால், உதவித்தொகை எவ்வளவு என்பது குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும். அதனால் விதிகள் இருக்கின்றன. முதல்நிலைக் கல்லூரிகளின் பயிற்சியாளர், பெண் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு வரும் ஜூன் 15க்கு முன்னால் அவளிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. உதவித்தொகை எழுத்தில், கையெழுத்தோடு வரும். பெரிய கூட்டமைப்புகளின் கல்லூரிகள், ஆட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக அதை ரத்து செய்யக்கூடாது என்று 2015இல் முடிவெடுத்தன. அங்கேயும் குறைகள் நிறைய. ஆனால் காகிதம் இல்லாமல் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. இதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை. ஒரு லெட்டர்பேடும் ஒரு முத்திரையும் போதும்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். எந்தப் பாடம், எந்த மொழி வழி என்பது முதலில். கட்டணம், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் இவற்றில் எது கல்லூரியுடையது, எது வீட்டுடையது, எத்தனை வருடத்துக்கு என்று தொகையோடு. களத்திலோ பயிற்சியிலோ காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆட முடியாமல் போனாலும் பட்டம் முடியும்வரை சலுகை தொடருமா என்பது கட்டாயம். போட்டிக்காக வகுப்பும் தேர்வும் தவறினால் வருகைப்பதிவுக்கும் மறுதேர்வுக்கும் என்ன ஏற்பாடு என்பது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்த அன்றே திருப்பித் தருவோம் என்ற வரி. விடுதி வார்டன் யார், உள்ளகப் புகார் குழுவின் தலைவர் யார், இரவில் கூப்பிட்டால் எடுக்கிற எண் எது என்பது. வார்டன் பெண்தானா என்று அந்தச் செந்துறை அம்மா கேட்டது சின்னக் கேள்வியே இல்லை. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு டெல்லியில் தெருவில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. ஆடப் போகும் பெண்ணின் பாதுகாப்பை வாய்வார்த்தையில் விடக்கூடாது. கடைசியாக, கையெழுத்து முதல்வருடையதாகவோ பதிவாளருடையதாகவோ இருக்க வேண்டும், பயிற்சியாளருடையது மட்டும் போதாது.

இதைப் பெற்றோர் தலையில் மட்டும் வைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. நல்ல வாய்ப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் இருக்கிறார். அரசு விடுதியில் அரசுப் பணத்தில் வளர்ந்த பெண்ணை வெளியே அழைத்துப் போகும் எந்தக் கல்லூரியும் அந்தக் கடிதத்தின் நகலை அவரிடம் கொடுத்த பிறகே அழைத்துப் போக வேண்டும் என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஓர் உத்தரவு போடலாம். பள்ளி அணிகளிலிருந்து போகிறவர்களுக்குத் தலைமையாசிரியர் அலுவலகத்தில் ஒரு நகல். வருடத்துக்கு ஒருமுறை, அந்தப் பெண் இப்போது எந்த ஆண்டு படிக்கிறாள், ஆடுகிறாளா, அரியர் இருக்கிறதா என்று அந்தக் கல்லூரிக்கு ஒரு கடிதம் போகட்டும். விசாரிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கல்லூரிகள் ஒழுங்காகிவிடும்.

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடியும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே போன்கள் வரத் தொடங்கும், மே மாதத்துக்குள் பாதிப் பேர் வார்த்தை கொடுத்துவிடுவார்கள். உத்தரவு வர நாளாகும் என்றால் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் இந்த ஒரு பக்கக் கடிதத்துக்கான மாதிரிப் படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து, பிப்ரவரிக்குள் எல்லா மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அனுப்பலாம். முதல் வரைவு எழுதித் தர நான் தயார்.